குலுங்காத டயர்

லிஃப்ட்காரர் என்று சொன்னால்தான் அவரை அந்த வட்டாரத்தில் தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த வீட்டுக்காரரே கொஞ்சம் யோசிப்பார். இளவயதில் கிரீஸ் பிசுக்கோடு லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பழகியவர். இப்போது சொந்தமாகக் கம்பெனி வைத்து, அடுக்குமாடி வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் லிஃப்ட் போட்டுக் கொடுக்கிறார். வேலை முடிந்ததும் லிஃப்டின் தரையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்து உச்சி மாடிக்கு அனுப்புவார். திரும்பி வரும்போது டம்ளரைச் சுற்றி ஈரம் இருந்தால் போச்சு. "திரும்பக் கழட்டு" என்பார். ஆட்கள் உள்ளுக்குள் திட்டிக்கொண்டே கழற்றுவார்கள்.

அப்படிப்பட்ட மனுஷரால் தன் மனைவியை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் குலுங்காமல் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை.

மார்பில் வந்த நோய் போய்விட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, அது சத்தமில்லாமல் அவள் முதுகெலும்பில் வந்து உட்கார்ந்திருந்தது. கதிர்ச் சிகிச்சை கொடுக்க வாராவாரம் வரச் சொன்னார்கள். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உள்ள சாலை ஒன்றும் மோசமில்லை. நல்ல உடம்போடு போகிறவருக்கு அதில் பள்ளம் இருப்பதே தெரியாது. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரத் தொடங்கிய பிறகு, அந்தச் சாலையில் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மேடும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் கத்த மாட்டாள். கதவுக்கு மேலே உள்ள பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது விரல் முட்டிகள் வெளுத்துப் போகும். மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

வண்டியோ சாதாரண வண்டி இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்ட் வேலை மொத்தமும் கைக்கு வந்த வருஷம் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. ஆள் உயரக் கறுப்பு வண்டி. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, சீட்டுக்குள்ளேயே சூடும் குளிரும். வாசலில் வந்து நின்ற அன்றைக்கு அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிவந்து பார்த்தாள்.

"ஏங்க, இது வண்டியா பங்களாவா? நாம ரெண்டே பேரு. ஏழு சீட்டுல யார உக்கார வைக்கப் போறீங்க?"

கேட்டுவிட்டு அவளே பேச்சை மாற்றிவிட்டாள். பிள்ளை இல்லாத வீட்டில் சில கேள்விகளைப் பாதியிலேயே விழுங்கிக்கொள்ள இருவரும் பழகியிருந்தார்கள். ஆனால் பங்களா என்ற பெயர் நின்றுவிட்டது. "பங்களாவுக்கு டீசல் போட்டீங்களா?", "பங்களாவ கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, கோலமாவு வண்டிக்காரன் போக வழியில்ல" என்றுதான் பேசுவாள்.

அந்தப் பங்களாவின் டயர்கள் தேய்ந்துவிட்டன என்று சர்வீஸ் செய்யும் இடத்தில் சொன்னபோது, அவருக்கு ஏனோ ஒரு பிடிமானம் கிடைத்த மாதிரி இருந்தது. டாக்டர் ஸ்கேன் படம் காட்டிச் சொன்ன எதிலும் அவர் கை வைக்க முடியவில்லை. டயர் விஷயத்தில் கை வைக்கலாம்.

மச்சானையும் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனார். மச்சான் என்றால் மனைவியின் ஒரே தம்பி. வீட்டு புரோக்கர். வாயை வைத்தே பிழைக்கிறவன். கூரை ஒழுகுகிற வீட்டைக் காட்டி, உள்ளேயே மழை பார்க்கலாம் என்று விற்றுவிடுவான் என்று அக்காவே சொல்வாள். அவள் படுத்ததிலிருந்து அவன் முன்னைவிட அதிகமாகப் பேசினான்.

கடை நீளமான கொட்டகை. ஒரு பக்கம் கூரை வரைக்கும் டயர் அடுக்கு. புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. இன்னொரு பக்கம் மிஷினில் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து கடைக்கார அம்மா எழுந்து வந்தாள். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, வேலையில் குறியான பெண்மணி. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"கம்பெனில போட்டு வந்த டயர்தான். இது காத்தே போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் சார். அதையே போட்டுடலாமா?"

"அதையே போடுங்க" என்றான் மச்சான். "பெரிய வண்டிக்குப் பெரிய டயர். அத்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு?"

லிஃப்ட்காரர் குனிந்து பழைய டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கட்டை மாதிரி இருந்தது.

"இது ஏன் இவ்வளவு கெட்டியா இருக்கு?"

"காத்து இல்லாம வண்டிய தாங்கணும்ல? அதுக்காகப் பக்கத்துல ரப்பர் கெட்டியா வெச்சிருப்பாங்க. அதனால கொஞ்சம் தூக்கித்தான் போடும். நீங்க வண்டிய எங்க அதிகமா ஓட்டுவீங்க? நீண்ட தூரமா, ஊருக்குள்ளயா?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் மனைவிக்கு முதுகெலும்புல நோய். குலுங்கினா வலிக்குது. குலுங்காத டயர் வேணும். இருக்கறதிலேயே மெத்துனு இருக்கறது எது?"

கடைக்கார அம்மா உடனே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. அடுக்கிலிருந்து ஒரு டயரை உருட்டி வந்தாள். இன்னொன்றை உருட்டி வந்தாள். மெத்தென்று வேண்டுமானால் டயர் மட்டும் போதாது, நடுவில் இருக்கும் ரிம்மையும் சின்னதாக்க வேண்டும் என்றாள். ரிம் சின்னதானால் ரப்பர் உயரமாகும், உயரமான ரப்பர்தான் மேடு பள்ளத்தை விழுங்கும்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "ரிம்ம சின்னதாக்கினா வண்டி கோட்டு சூட்டு போட்டு ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருக்குமே! கம்பீரமே போயிடும் அத்தான்."

"போகட்டும்."

"ஆனா ரெண்டு விஷயம் சொல்லிடறேன்" என்றாள் கடைக்கார அம்மா. "பஞ்சர் ஆனா இது ஓடாது. உங்க வண்டியில ஸ்டெப்னி வைக்க இடமே கிடையாது. காத்தடிக்கிற சின்ன மிஷின் ஒண்ணு தரேன், ஆணி குத்தினா சமாளிக்கலாம். பெருசா கிழிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொண்ணு, இந்த ரப்பர் ரொம்ப மிருது. சீக்கிரம் தேயும். ரெண்டு வருஷம் ஓடினா அதிகம். அப்புறம் வந்து, இந்தம்மா ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது."

"ரெண்டு வருஷம் போதும்" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. கடைக்கார அம்மா கையிலிருந்த டயரைப் பார்த்தாள். மச்சான் சட்டென்று திரும்பி, லாரி டயர்கள் அடுக்கியிருந்த பக்கம் போய், வாங்கப் போகிறவன் மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அதே நேரம் பார்த்து வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"கடைக்குப் போயாச்சா? இங்க பாருங்க, பளபளப்ப பார்த்து ஏமாந்துடாதீங்க. எது ரொம்ப நாள் உழைக்கும்னு கேட்டு அதப் போடுங்க. அடிக்கடி டயர் மாத்திட்டிருக்க உங்களுக்கு எங்க நேரம்?"

உங்களுக்கு என்றாள். நமக்கு என்று சொல்லவில்லை.

"அதான் போடறேன்" என்று பொய் சொன்னார்.

டயர் மாட்டிய கையோடு மச்சானை இறக்கிவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிச் சாலைக்கு வண்டியைத் திருப்பினார். அவள் உட்காரும் இடத்தில், காலடியில், ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். பழைய டயரில் போகும்போது இதே சோதனையைச் செய்து பார்த்திருக்கிறார். பாதித் தண்ணீர்கூட மிஞ்சவில்லை. இப்போது முதல் வேகத்தடையில் கொஞ்சம் தளும்பியது. அடுத்ததில் விளிம்போடு நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக் குனிந்து பார்த்தபோது டம்ளர் முக்கால்வாசி நிறைந்திருந்தது. சாலையில் போவோர் வருவோரெல்லாம் பார்க்க, அந்தப் பெரிய மனுஷர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அடுத்த வாரம் அவளை ஏற்றிக்கொண்டு போனார். பத்தடி போவதற்குள், "எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குங்க. மெத்தையில போற மாதிரி இருக்கு."

"உண்மையா?"

"உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

பங்களாவுக்குக் குட்டைப் பாவாடை கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று கேலியும் செய்தாள். ஆனால் வேகத்தடை வந்தபோது அவர் சாலையைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு டயரிலிருந்தும் கொஞ்சம் காற்றை இறக்கினார். காற்று குறைந்தால் இன்னும் மெத்தென்று இருக்கும் என்பது கணக்கு. அதற்கு அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் இறக்கினார். சக்கரத்தைச் சரிபார்க்கக் கடைக்குப் போனபோது கடைக்கார அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன சார் இது, காத்து இவ்வளவு கம்மியா இருக்கு? பெரிய வண்டி சார், பாரம் தாங்காது. பள்ளத்துல விழுந்தா ரப்பர் நசுங்கிக் கிழிஞ்சுடும். பெருசா கிழிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேனே!"

அவள் காற்றை நிரப்பி அனுப்ப, தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டில் மறுபடியும் இறக்கினார்.

அந்த அம்மா சொன்னபடியே ஆயிற்று. சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில், வெயில் தாழ்ந்துகொண்டிருந்த நேரம். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது இடது முன்சக்கரம் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் "அம்மா" என்றாள். அத்தனை நாளில் முதல் தடவையாக வாய்விட்டு. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, தடதடவென்று ஓடி, ஒரு கிடங்கின் நீளமான மதிலோரம் நின்றது.

இறங்கிப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். சின்ன மிஷினை எடுத்து மாட்டினார். அது இரைந்ததுதான் மிச்சம், காற்று ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் வந்தது. மச்சானுக்குப் போன் போட்டு, கடையிலிருந்து சக்கரத்தோடு ஆளைக் கூட்டிவரச் சொன்னார். வர நேரமாகும் என்றான்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. அவள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"என்னால வந்தது. காத்த கம்மி பண்ணி வெச்சேன். அந்த அம்மா சொல்லியும் கேக்கல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க சக்கரத்துகிட்ட குத்த வெச்சு உக்காந்து காத்து எறக்கினத ஜன்னல் வழியா பார்த்துட்டுதான் இருந்தேன். நான் வேற பங்களா வீங்கிப் போச்சோ, வைத்தியம் பாக்குறாரோன்னு நெனச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளே இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டாள். கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். கிடங்கு மதிலுக்கு மேல் ஒரு மரக்கிளை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நிழல் கண்ணாடிக் கூரை வழியாக அவள் முகத்தில் அசைந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் பங்களா பங்களா மாதிரி இருக்கு" என்றாள். "நகராம."

அவர் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லவா? கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"வண்டி நின்னுட்டிருக்கிறப்போ எனக்கு வலிக்கல. ஓடினாதான் வலிக்குது. எந்த டயர் போட்டாலும் வலிக்குது. முன்னாடி எவ்வளவு வலிச்சுதோ அவ்வளவுதான் வலிக்குது. நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க, அதான் மெத்தை மாதிரின்னு சொல்லிட்டேன்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"வேற டயர் பாப்போம். இல்ல, சஸ்பென்ஷன மாத்தலாம். காத்துப் பை வெச்ச சஸ்பென்ஷன் இருக்காம். நான் விசாரிக்கறேன்."

"என்னங்க."

"இன்னும் கொஞ்ச நாள்தான். சிகிச்சை முடிஞ்சுட்டா அப்புறம் இந்த ரோட்டுக்கே வர வேண்டாம்."

"என்னங்க, நான் சொல்றத கேளுங்க. நீங்க பார்க்கிங்ல வண்டி எடுக்கப் போன நேரத்துல நான் டாக்டர கேட்டுட்டேன். இந்தச் சிகிச்சை நோய் போறதுக்கு இல்லையாம். வலி கொறையறதுக்குத்தானாம். வலி கொறைய வேண்டி போறேன், போற வழியில அத விட ஜாஸ்தியா வாங்கிட்டு வரேன். இது என்ன வியாபாரம்? நீங்களே சொல்லுங்க."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். கிழிந்த சக்கரத்தின் பக்கத்தில் போய்க் குந்தினார். அதைப் பார்க்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் லாரிகள் போயின. ஒரு ஸ்கூட்டர்காரர் நிறுத்தி, உதவி வேணுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினார், தலை நிமிராமல். டயரில் புதுசுக்கே உரிய ரப்பர் முடிகள் இன்னும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். கோபம்தான் வந்தது, அவள் மேல். அதற்கு அடியில் இருந்தது கோபம் இல்லை என்பதும் தெரிந்தது. இத்தனை நாள் அவர் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் எந்த டயர் என்பதுதான். போகணுமா வேண்டாமா என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

திரும்ப வந்து உட்கார்ந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"வீட்டுலயே இருந்துடறியா?" என்றார். 

"உம்."

"பயமா இல்லையா?"

"இருக்கு." கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். "ஆனா குலுங்காம பயந்துட்டு இருக்கலாம்ல."

மச்சான் டயர் கடை ஆளோடு வந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான். "அக்கா, நான் அப்பவே சொன்னேன், ரப்பர் செருப்பு அறுந்துடும்னு! யார் கேட்டா?" கண்ணாடி வழியாக இருவர் முகத்தையும் பார்த்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, சக்கரம் மாற்றுகிறவருக்கு நட்டு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டான்.

டாக்டர் தடுக்கவில்லை. வலிக்கு மாத்திரையும் மருந்தும் எழுதிக் கொடுத்தார். ஊசி போட ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். வாசல் பக்கத்து அறையில், ஜன்னலோரம், கட்டிலைப் போட்டார்கள். லிஃப்ட்காரர் வேலையைத் தன் ஆட்கள் தலையில் கட்டிவிட்டு வீட்டோடு இருந்தார். சமைக்கத் தெரியாது. கட்டிலில் இருந்தபடியே அவள் அடுக்களையை ஓட்டினாள்.

"உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு இன்னுமா தெரியல? கல்யாணம் ஆகி இவ்வளவு வருஷம் இந்த வீட்டுலதானே சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டது தட்டுல. டப்பாவுல இல்ல."

அவள் சிரித்தால் முதுகு வலிக்கும். ஆனாலும் சிரித்தாள். சில நாள் நன்றாக இருந்தது. சில நாள் மருந்துக்கும் கட்டுப்படாத வலி வந்து, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஒரு தடவை கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தப்பு செய்கிறோமோ என்ற எண்ணம் மட்டும் ஒவ்வொரு காலையும் அவருக்கு முன்பாக எழுந்து உட்கார்ந்திருக்கும்.

பல வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பகலில் பேச்சுச் சத்தம் கேட்டது. அவர் வேலையில் நடந்ததையெல்லாம் சொல்வார், அவள் தூங்கிப் போவாள். எழுந்து, "அப்புறம் அந்த லிஃப்ட் என்னாச்சு?" என்று விட்ட இடத்திலிருந்து கேட்பாள்.

ஒரு நாள் பிற்பகலில், அதிகத் தொந்தரவு இல்லாமல், போய்விட்டாள்.

உறவுக்காரர்கள் வந்தார்கள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள். எல்லாம் முடிந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போன பிறகு, மச்சான் மட்டும் போகவில்லை. அன்று முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான். இருவரும் அவள் கட்டில் கிடந்த அறையில் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். படுக்கையை யாரோ சுருட்டி வைத்திருந்தார்கள்.

"அத்தான்" என்றான். "நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. அக்கா கடைசியா ஏதாவது சொன்னாளா?"

அவர் சுருட்டி வைத்த படுக்கையைப் பார்த்தார்.

"பால் அடுப்புல இருந்துச்சு. நான் இங்க உக்காந்து கதை பேசிட்டிருந்தேன். 'பொங்கிடப் போகுது, போய்ப் பாருங்க'ன்னா."

"பொங்கிடுச்சா?"

"இல்ல. சரியா போய் அணைச்சுட்டேன். ஒரு சொட்டு வழியல. அத சொல்லலாம்னு ஓடி வந்தேன்."

மச்சானுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்படியே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவர் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.